எனக்கு எந்த ரெண்டு நாள்?

குன்னூரில் ஒரு தேயிலை ஏல புரோக்கர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஏலத்துக்கு வரும் லாட்டுகளின், அதாவது ஒரு தொகுப்பாக விற்கும் தூளின், பட்டியலைத் தயார் செய்வது என் பொறுப்பு. எந்த ஃபேக்டரி, என்ன கிரேடு, எத்தனை மூட்டை, டீயைச் சுவைத்துத் தரம் பார்க்கும் எங்கள் டேஸ்டர் போட்ட மதிப்பு என்ன, எல்லாம் அதில் இருக்கும். வியாழனும் வெள்ளியும் ஏலம்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோது என் வேலை சுலபமாக வீட்டுக்கு வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்து ஏலம் எடுத்த காலம் அதற்கு முன்பே போய்விட்டது. விலை ஏறுவதும் இறங்குவதும் திரையில்தான். கோத்தகிரி பக்கம் எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரம்தான் சிக்னல் நிற்கும். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். ஆடிக் காற்றில் கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் போய்விடும், அன்றைக்குப் பாதி நாள் வீண். மற்றபடி வேலை நடந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதது டேஸ்டிங் மட்டும்தான்.

டேஸ்டிங் அறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள மேஜையில் வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னத் தராசில் நிறுத்த தூளைப் போட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றி மூட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, கிண்ணத்தில் வடிய விட்டு, ஊறிய தூளை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். டேஸ்டர் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டி, மூக்குக்கு ஏற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிடத் தோதான அறை உண்டா? முகக்கவசம் போட்டுக்கொண்டு டீ குடிக்க முடியுமா?

தண்ணீர் கொதிக்க வைப்பது முதல் கிண்ணம் கழுவுவது வரை எல்லாம் சாம்பிள் அறை அண்ணன்தான். தினக்கூலி. பஸ் ஓடாத மாதங்களில் அருவங்காட்டிலிருந்து நடந்தே வந்தார். வேலையும் குறையவில்லை. இந்தியாவின் தேயிலை உற்பத்தி 2019இல் 139 கோடி கிலோ. 2020இல் ஏறக்குறைய 126 கோடி. அசாமில் நல்ல பறிப்புக் காலத்தில் தோட்டங்கள் மூடிக் கிடந்ததும் இதற்கு ஒரு காரணம். சரக்கு குறைந்ததும் எங்கள் பக்கமும் விலை ஏறியது. வாங்குபவர்கள் சாம்பிள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், எங்கள் டேஸ்டர் சாருக்குத் தொற்று வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போனது, மூக்கு திரும்பவில்லை. முப்பது வருட மூக்கு அது. கிண்ணத்தைப் பார்த்தே, இலை கருகியிருக்கிறது, வாட்டம் போதவில்லை என்று சொல்வார். கண்ணுக்குத் தெரிந்தவரை சரியாகச் சொன்னார். உறிஞ்சியதும் முகத்தில் ஒன்றும் வராது. "வெந்நீர் மாதிரி இருக்கும்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சொன்னபடி தினம் காலையும் மாலையும் நீலகிரித் தைலம், கிராம்பு, எலுமிச்சை, ரோஜா என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பழகினார். மேஜை இழுப்பறையில் அந்த நான்கு சின்னப் பாட்டில்களும் இன்னும் இருக்கின்றன. முதலில் திரும்பி வந்தது கிராம்பு. டீயின் வாசம் வர அந்த வருடக் கடைசி ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பட்டியல், கணக்குப் பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். எங்களுக்கு சந்தோஷம்தான். எனக்கு மலைப்பாதை பஸ்ஸில் போய்வரும் இரண்டு மணி நேரம் மிச்சம். நான் அதைப் படித்துக் காட்டியபோது சாம்பிள் அறை அண்ணன் கையைத் துண்டில் துடைத்தபடி கேட்டார்: "எனக்கு எந்த ரெண்டு நாள்மா?"

கேலியாகக் கேட்கவில்லை. தனக்கும் உண்டு என்றே நினைத்துவிட்டார். அவருக்குக் காய்ச்சலுக்கே லீவு கிடையாது, வந்தால்தான் கூலி. பதினைந்து வருடமாக ஜலதோஷத்தோடும் இருமலோடும் அவர் அந்த அறைக்குள் வந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. "மழை ஆனாலும் வந்துடுவாரு" என்று பாராட்டியிருக்கிறோம். நானும் பாராட்டியிருக்கிறேன், அது இப்போதும் உறுத்துகிறது.

இதை நிர்வாகத்திடம் கொண்டுபோனவர் டேஸ்டர் சார். உடம்பு சரியில்லாதவர் கூலிக்குப் பயந்து அந்த அறைக்கு வந்தால் போவது தன் மூக்கு என்றார். நியாயத்தைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா தெரியாது, மூக்கைச் சொன்னதால் கேட்டார்கள். ஏழெட்டு மாதம் இழுத்தடித்தார்கள். அப்புறம் அண்ணனை மாதச் சம்பளத்துக்கு மாற்றி, சம்பளத்தோடு நோய் விடுப்பும் கொடுத்தார்கள். அறையிலும் சில மாற்றங்கள் நிலைத்துவிட்டன. ஆளுக்கொரு கரண்டி, தனித்தனி துப்பும் பாத்திரம். அடைத்தே கிடந்த ஜன்னல்கள் இப்போது திறந்திருக்கின்றன. மூடுபனி உள்ளே வந்து கிண்ணம் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று சார் முணுமுணுத்தாலும் மூடச் சொல்வதில்லை.

போன நவம்பரில் ஒரு காலை அண்ணன் போன் செய்தார். தொண்டை கட்டியிருந்தது. "இன்னிக்கு வரலம்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். சரிண்ணே, படுங்க என்றேன். வைக்கவில்லை. "தண்ணி தளதளன்னு கொதிச்ச உடனே ஊத்திடணும்மா. ரெண்டாம் தடவை கொதிக்க வைச்ச தண்ணியை ஊத்தினா சாருக்குத் தெரிஞ்சுடும்."

அன்று நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய் கெட்டிலை வைத்தேன்.