வைக்கோல் தண்ணீரில் பரமீசியம்: இரண்டாவது முயற்சி

கொளத்தூரில் வாங்கி வந்த ஃபைட்டர் மீன் ஜோடி முதல் தடவை முட்டை போட்டபோது எனக்கு ஒரே கொண்டாட்டம். குஞ்சுக்கு என்ன தீனி போடுவது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். முட்டை பொரிய ஒன்றரை நாள். பொரிந்த பின் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே போதும். ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டுக்கு அடியில் குஞ்சுகள் வாலைத் தொங்கவிட்டபடி கிடக்கும். படுக்கை வாட்டில் நீந்த ஆரம்பித்ததும் வாய்க்குள் நுழைகிற அளவில் உயிருள்ள தீனி வேண்டும். பொடித்துத் தூவியதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவசரத்துக்கு முட்டைக்கோஸ் இலையை வேகவைத்து பாட்டிலில் ஊற்றி வைத்தேன். இரண்டே நாளில் தண்ணீர் பால் மாதிரி ஆனது. ஆகா, உயிர் பெருகிவிட்டது என்று வேளைக்கு அரை டம்ளர் ஊற்றினேன். நான்காம் நாள் பத்துக் குஞ்சுகூட மிச்சமில்லை.

பக்கத்து வீட்டுப் பையனிடம் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தது, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாக்கும். ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் நீந்துகிற எதையும் காணோம், வெறும் மங்கல்தான். அந்தப் பால் நிறம் முழுக்க பாக்டீரியா. குஞ்சுக்குத் தீனியாக வேண்டிய பரமீசியம் என்ற ஒருசெல் உயிரி அதைத் தின்றுதான் பெருகும், தின்னத் தின்னத் தண்ணீர் தெளியும். நானோ அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டுச் சோறு போட்டதாக நினைத்திருக்கிறேன். போதாததற்கு, குஞ்சுத் தொட்டியில் இருந்த ஆக்சிஜனையும் அந்த பாக்டீரியா இழுத்திருக்கும்.

இந்த முறை ஜோடி சேர்ப்பதற்கு எட்டு நாள் முன்பே தொடங்கினேன். பால்காரரிடம் வாங்கிய ஒரு கைப்பிடி வைக்கோலைக் கழுவி, நறுக்கி, குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்திருந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். ஆறியதும் இரண்டு பாட்டில். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழிந்த அழுக்குத் தண்ணீர்தான் உறைமோர். வாயில் வேட்டித் துணி கட்டியாயிற்று. போன தடவை திறந்து வைத்துக் கொசுப்புழு வந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் நாள் கலங்கியது. "என்னடா, வீடே மாட்டுக் கொட்டகை மாதிரி நாறுது" என்றார் அம்மா. நான்காம் நாள் மேலே ஆடை. ஆறாம் நாள் ஒரு பாட்டில் தெளிந்து கட்டங்காப்பி நிறத்துக்கு வந்தது. மற்றதில் அழுகிய முட்டை நாற்றம், கொட்டிவிட்டேன். அதில் வைக்கோலை அதிகமாகத் திணித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். வெள்ளைத் தூசி; ஆனால் தூசி தானாகத் திசை மாறுமா? ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்த்தால் பள்ளிப் புத்தகத்தில் வரைந்த அதே செருப்பு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடியது. பையன் விட்டால்தானே நான் பார்க்க!

குஞ்சுகள் நீந்திய அன்று ஆண் மீனை எடுத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் பாட்டிலின் மேல்பகுதியிலிருந்து 10 மில்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை விட்டேன். எடுத்த அளவுக்கு ஆறிய வைக்கோல் தண்ணீரைத் திரும்ப ஊற்றினேன். ஆசைப்பட்டு ஒரு நாள் பாட்டிலில் நாலு சொட்டுப் பாலும் விட்டேன். மறுபடி கலங்கி, தெளியும்வரை ஒரு நாள் குஞ்சுகள் பட்டினி. இப்போது அதையே மூன்று பாட்டிலாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய ஆறாம் நாளிலிருந்து ஆர்டீமியாவும், அதாவது உப்புநீரில் வாழும் இறால் மாதிரியான குட்டி உயிரியும், கலந்து கொடுக்கிறேன். பொரித்த உடனே அது அரை மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு முன் கொடுத்தால் எல்லாக் குஞ்சாலும் விழுங்க முடியாது. அதன் முட்டையைப் பொரிக்க லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, ஏர் பம்ப், ஒரு நாள். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

இன்று பன்னிரண்டாம் நாள். எண்ணிப் பார்த்தேன், எழுபது சொச்சம். ஓடிக்கொண்டே இருப்பதால் ஐந்தாறு முன்னே பின்னே இருக்கலாம். ஆர்டீமியா தின்று வயிறெல்லாம் ஆரஞ்சு நிறம்.