மூன்று புல்லட், ஒரு இன்ஜின்

6 ஜனவரி 2024

அப்பாவின் 1974 புல்லட் இன்ஜினை இன்று முழுதாகப் பிரித்தாயிற்று. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பிக் எண்டின் (கிராங்கில் மாட்டும் கீழ்முனை) ஆட்டம் கையிலேயே தெரிகிறது. பேரலில் இரண்டு ஃபின் உடைந்திருக்கிறது; உள்ளே பிஸ்டன் ஜாம் ஆன கோடு நகத்தில் இடறுகிறது. ஹெட்டில் வால்வு சீட் இறங்கிவிட்டது.

நல்லவேளை, துணைக்கு இரண்டு உண்டு. ஒன்று, புதுப்பேட்டையில் வாங்கிய எண்பதுகளின் இன்ஜின். செயின் அறுந்து இடது கேஸை (கிராங்கை மூடும் கூட்டின் ஒரு பாதி) கிழித்திருக்கிறது, ஆனால் கிராங்க் அருமையாக இருக்கிறது. இன்னொன்று அறுபதுகளின் ஹெட்டும் பேரலும். மெக்கானிக் பாய் தன் பட்டறையின் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

இருபது வருட இடைவெளியில் செய்த பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் என்று நம்பிக்கையோடு இறங்கக் காரணம் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலைதான். 1955-ல் மெட்ராஸில் தொடங்கிய கம்பெனி, இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடிய பிறகும் இங்கே அதே அளவில்தான் செய்தார்கள்.

13 ஜனவரி

முதல் சிக்கல். அப்பாவின் வலது கேஸில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங் விரலால் தள்ளினாலே உள்ளே போகிறது. புதுப்பேட்டை இன்ஜினின் வலது கேஸோ புதுசு மாதிரி இருக்கிறது. இடது அப்பாவுடையது, வலது அதனுடையது என்று போட்டுவிடலாமா என்று எனக்கு ஆசை. ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் இடது கேஸில்தான் குத்தியிருக்கிறது, அதனால் நம்பரும் தப்பிக்கும்.

பாய் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். "கேஸ் ரெண்டையும் ஒண்ணா மூடி வெச்சு போர் பண்ணது தம்பி. ஜோடி மாத்தினா ரெண்டு ஓட்டையும் ஒரே நேர்ல இருக்காது. ஷாஃப்ட் இழுத்துக்கிட்டுத்தான் ஓடும்."

நம்பாமல் இல்லை, ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து போல்ட் போட்டுப் பார்த்தேன். பேரல் உட்காரும் மேல்முகத்தில் விரலை ஓட்டினால் நடுவில் ஒரு படி தட்டுகிறது. அங்கேயே அப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும்! கழற்றிவிட்டேன். தேய்ந்த இடத்துக்கு ஸ்லீவ் (உள்வளையம்) போடுவதுதான் வழி. பொங்கல் முடிந்துதான் லேத் திறப்பார்கள்.

20 ஜனவரி

லேத் அண்ணன் செய்த வேலை மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்பாவின் கேஸ் இரண்டையும் மூடி, தேயாத இடது துளையை டயல் கேஜில் மையம் பிடித்து, அதே நேரில் வலது துளையைப் பெரிதாக்கி ஸ்லீவை இறக்கினார். அப்புறம் பேரிங் அளவுக்கு மறுபடி போர். அவசரமே இல்லை அவரிடம்.

இரவு வீட்டில் பேரிங் மாட்டினேன். காலையிலேயே பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். கேஸை ஹாட் பிளேட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடாக்கினேன். விரல் நுனியால் தெளித்த தண்ணீர் சுர்ரென்று துள்ளி ஓடியதும் அடுப்பை அணைத்து, பேரிங்கை நேராக வைத்தேன். தட்டவே இல்லை. டக்கென்று தானே இறங்கியது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். கேஸ் ஆறியதும் பேரிங்கைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

27 ஜனவரி

கிராங்க் உள்ளே போயிற்று, ஆனால் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் கனக்கிறது. மறுபடி லேத்துக்கு.

இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்துச் சுற்றியபோது டயல் முள் 0.15 மி.மீ. ஆடியது. அண்ணன் மேடான இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, வெளியே எடுத்து, செம்புச் சுத்தியலால் ஃப்ளைவீல் விளிம்பில் ஒரே அடி. மறுபடி சென்டர், மறுபடி டயல். ஒன்பது அடி எண்ணினேன். கடைசியில் 0.03-க்கு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஃப்ளைவீலைக் கையில் உருட்டி, கோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார். அந்த நிதானத்தை நானும் கற்றுக்கொள்ள வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. 1936-ல் வின்சென்ட் ரேபிட் என்ற பிரிட்டிஷ் பைக் பிறந்ததும் இப்படி இருப்பதைச் சேர்த்துத்தான். 84 × 90 அளவுள்ள 499 சிசி சிங்கிள் சிலிண்டர் இன்ஜினின் இரண்டு வரைபடங்கள் மேசையில் V மாதிரி கிடந்ததைப் பார்த்துத்தான் பொறியாளர் ஃபில் இர்விங்குக்கு 998 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜினுக்கான யோசனை வந்தது என்பார்கள். நம் 500 சிசி புல்லட்டுக்கும் அதே 84 × 90 தான்.

3 பிப்ரவரி

அறுபதுகளின் பேரலை 40 சைஸுக்கு போர் செய்து, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கினேன். 40 என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, கிட்டத்தட்ட ஒரு மி.மீ. கணக்குப் போட்டால் இன்ஜின் இப்போது 356 சிசி.

வேறு வேறு இன்ஜினின் ஹெட், பேரல், கிராங்க் ஒன்றாகச் சேரும்போது வால்வு பிஸ்டனைத் தொடுமா என்று பார்க்காமல் கிக் அடிக்கக் கூடாது. பிஸ்டன் தலையில் மாடலிங் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். திறந்தால் களிமண்ணில் வால்வின் தடம் நிலாப்பிறை மாதிரி பதிந்திருந்தது. பிளேடால் வெட்டி அளந்தேன், மெலிந்த இடத்திலும் 3 மி.மீ. தாராளம்.

வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர்களில் ஒன்று மட்டும் பூட்டினால் இறுகியது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது, அதைத் தாங்கும் பிளாக்கின் மேல்பாதி ஒரு இன்ஜினுடையது, கீழ்ப்பாதி இன்னொன்றினுடையது. கழுவும்போது நான்தான் கலந்துவிட்டேன். அதுவும் கேஸ் மாதிரி ஜோடியாகச் செய்தது. சரியான மூடியைப் போட்டதும் ராக்கர் தன் எடையிலேயே விழுந்தது.

11 பிப்ரவரி

ஆயில் பம்பைச் சுற்றும் வோர்ம் நட்டுக்கு இடது மரை. பழக்கத்தில் வழக்கமான பக்கம் திருகினால் போச்சு. பாய் நேற்றே இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். பிரைமரி செயின், கிளட்ச் எல்லாம் பழையபடியே. ஸ்பார்க் டைமிங்கைப் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு வைத்தேன். பாயிண்ட் நடுவே வைத்த மெல்லிய தாள் அங்கே வரும்போது நழுவ வேண்டும், நழுவியது.

மாலை ஐந்தரை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, சிலிண்டர் அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்து உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரு நீள கிக். நான்காவது கிக்கில் பிடித்தது. நான் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை, ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். சில நொடிதான், அதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரிட்டர்ன் ஆயில் விட்டு விட்டுத் துப்பியது, பம்ப் வேலை செய்கிறது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பாயைப் பார்த்தேன்.

18 பிப்ரவரி

எண்பது கிலோமீட்டர் ஓடியது, நாற்பது வேகத்துக்கு மேல் போகவில்லை. ஆறவைத்து ஹெட் நட்டுகளை இறுக்கினேன். டேப்பட் மூடியைத் திறந்து புஷ்ராடுகளை இரு விரலால் உருட்டினேன். இன்டேக் சுழன்றது, எக்ஸாஸ்ட் இறுகியிருந்தது. அதுவும் சுழலும்வரை தளர்த்தினேன், மேலும் கீழும் ஆட்டம் இல்லாதபடி.

புதுப்பேட்டை இன்ஜினின் இரண்டு கேஸையும் மண்ணெண்ணெயில் கழுவி, முகத்தோடு முகம் சேர்த்து கட்டுக்கம்பியால் கட்டி பாயிடம் கொடுத்தேன். கிழிந்த இடதை ஆர்கான் வெல்டிங்கில் சேர்க்கலாம் என்றார். மிஞ்சிய ராக்கர் பிளாக்குகளையும் மேல்மூடி மாறாமல் கம்பி போட்டு, மேலே சாக்பீஸில் எண் எழுதி வைத்தேன். பரணில் அறுபதுகளின் ஹெட் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டார்.