ட்ரம் ட்ராக் செய்முறைத் தேர்வு: ஹியூமனைஸ் பொத்தானை மறந்துடுங்க, கைக்கணக்கு போடுங்க

கம்ப்யூட்டரில் நோட் நோட்டாப் போட்டு ட்ரம் ட்ராக் செஞ்சு கொடுக்கிற தேர்வோட ரிசல்ட் வந்தாச்சு, பாஸ் ஆயிட்டேன். முதல் தடவை ஏன் போச்சுன்னு மதிப்பீட்டுத் தாளில் ரெண்டே வார்த்தையில் இருந்தது: "மூணு கை". அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்லை, கேட்டாலும் சொல்லலை. அடுத்த பேட்ச்சில் எழுதப்போற நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரங்களுக்காக அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இங்கே விரிச்சு எழுதுறேன். தியரித் தாளும் காதுத் தேர்வும் படிச்சா வந்துடும். அதைப் பத்தி இதில் ஒண்ணும் இல்லை.

கைக்கணக்கு

ட்ரம்மருக்கு ரெண்டு கை, ரெண்டு கால். மவுஸை வச்சுப் புள்ளி புள்ளியா நோட் போடும்போது இந்தச் சின்ன விஷயம் மறந்துபோகும்.

92 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 92 பீட்) பதினாறாம் நோட் ஹை-ஹாட் (ஒண்ணு மேல ஒண்ணு இருக்கிற ரெண்டு தட்டு), அதாவது பீட்டுக்கு நாலு அடி, ஓடுதுன்னு வைங்க. ஒரு நோட்டுக்கு 163 மில்லி செகண்ட். இதைப் பெரும்பாலும் ரெண்டு கையாலும் வலது, இடது, வலது, இடதுன்னு வாசிப்பாங்க. எண்ணிப் பாருங்க: ரெண்டாவது பீட் விழும்போது முறை வலது கைக்கு. ஸ்னேருக்கு (பளிச்சுன்னு வெடிக்கிற ட்ரம்) இறங்குறதும் அதே வலது கைதான். அப்போ அந்த நொடியில் ஹை-ஹாட்டை யார் அடிக்கிறது? யாரும் இல்லை. ரெண்டாவது பீட்டிலும் நாலாவது பீட்டிலும் 42-ஆம் நோட்டை (கம்ப்யூட்டர் நோட் முறையான மிடியில் மூடின ஹாட்டின் எண்) அழிச்சே ஆகணும். அழிச்சுட்டு ஒருதரம் கேளுங்க. அந்தச் சின்ன ஓட்டை வழியாத்தான் ஸ்னேர் முன்னால வந்து நிக்கும். மிக்ஸில் ஸ்னேரை எவ்வளவு ஏத்தினாலும் கிடைக்காத எடுப்பு அது.

எட்டாம் நோட் (பீட்டுக்கு ரெண்டு அடி) ஹை-ஹாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வலது கை ஹாட்டிலேயே இருக்கும், ஸ்னேரை இடது கை பார்த்துக்கும்.

இதே கணக்கில் மாட்டுற மத்த இடங்கள்:

- ஃபில் (பாட்டில் பகுதி மாறும்போது போடுற உருட்டு) முடிஞ்சு ஒண்ணாவது பீட்டில் க்ராஷ் (பெரிய தட்டு). வலது கை க்ராஷில் இருக்கு, அதனால் அங்கே ஹாட் கிடையாது. அடுத்த எட்டாம் நோட்டில்தான் திரும்பி வரும்.
- க்ராஷ் கூடக் கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம், நோட் 36) கட்டாயம். கிக் இல்லாத க்ராஷ் அந்தரத்தில் தொங்கும்.
- இடது, வலது ரெண்டு க்ராஷும் ஸ்னேரும் ஒரே நேரத்தில்: மூணு கை.
- ஃபில்லுக்குள்ள ஹாட் ஓடிக்கிட்டே இருக்கிறது: மூணு கை. வேணும்னா காலால் மிதிக்கிற 44-ஐ வெலாசிட்டி (அடியின் பலத்தைச் சொல்ற எண்) 40-50க்குள்ள, பீட்டுக்கு ஒண்ணா வைக்கலாம்.
- திறந்த ஹாட் (46) போட்டா அதை மூட 42 அல்லது 44 வரணும். மூடாத ஹாட் அடுத்த பார் (தாளத்தின் ஒரு சுற்று) முழுக்க ஷ்ஷ்னு இழுக்கும். தேர்வாளர் காதில் முதல்ல விழுறது இதுதான்.

கோடு போட்ட நோட்டில் 16 கட்டம் வரைஞ்சு ஒவ்வொரு அடிக்குக் கீழேயும் "வ" "இ" எழுதுங்க. ஒரு கட்டத்தில் மூணு எழுத்தோ, ஒரே எழுத்து ரெண்டு தடவையோ விழுந்தா ஒண்ணை அழிங்க. எழுதினதைத் தொடையில் தட்டிப் பார்க்கணும். ரப்பர் தோட்டப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னும் வசதி: காய்ஞ்ச ஷீட் ஒண்ணை நாலா மடிச்சு பலகைமேல போட்டா பிராக்டிஸ் பேட் ஆச்சு. கை போகாத ஃபில் ட்ராக்கிலும் போகாது.

ரெடிமேட் லூப் (முன்னாடியே வாசிச்சு வச்ச துண்டு) இழுத்துப் போடுறவங்களுக்கு இது எதுவும் தேவைப்படாது. ஆனா வைவாவில் (நேர்ல கேட்கிற கேள்வியில்) "இந்த ஃபில்லில் இடது கை எங்கே இருக்கு?"ன்னு ஒரு கேள்வி வந்தா முழிக்கணும். லூப்பே வேண்டாம்கிறது என் கட்சி. வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு.

வெலாசிட்டி

எல்லாத்தையும் 100-இல் வச்சா டைப்ரைட்டர். மனுஷன் வாசிச்ச மாதிரி ஆக்குறதாச் சொல்ற ஹியூமனைஸ் பொத்தானை அமுக்கினா குடிகாரன் கையில் டைப்ரைட்டர். ஏன்னா அந்தப் பொத்தான் குருட்டாம்போக்கில் கலைக்குது, பலமில்லாத பீட் பலமான பீட்டை விடச் சத்தமா வந்துடும். மனுஷன் கை பிசகுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு.

எட்டாம் நோட் ஹாட், ஒரு பார்: 98, 66, 88, 70, 96, 64, 90, 58. கடைசி 58 எதுக்குன்னா, அடுத்த ஒண்ணுக்குக் கை தூக்கப்போகுது, அதனால் இங்கே லேசா விழும். ஸ்னேர் ரெண்டில் 112, நாலில் 116. மூணாவது பீட்டுக்கு ஒரு பதினாறாம் நோட் முன்னால கோஸ்ட் நோட் (ஸ்னேரில் கேட்டும் கேட்காத அடி) ஒண்ணு, 28 போதும். 45-ஐத் தாண்டினா அது கோஸ்ட் இல்லை, தப்பா விழுந்த அடி. ஃபில்லில் வலது கை 108னா இடது கை 94, டாம்களில் (சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையா இருக்கிற ட்ரம்கள்) கீழே இறங்க இறங்க ரெண்டும் சேர்ந்து ஏறணும்.

கிட் (ட்ரம் சத்தங்களின் சாஃப்ட்வேர் தொகுப்பு) எதுவா இருந்தாலும் ஒரு சோதனை: ஸ்னேரை ஒரே வெலாசிட்டியில் எட்டு தடவை போட்டுக் கேளுங்க. எட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒண்ணா இருந்தா அந்தக் கிட்டில் ரவுண்ட் ராபின் (ஒரே அடிக்கு மாறி மாறி வர்ற வேற வேற பதிவு) இல்லை, ரோல் போட்டா மெஷின் கன் சத்தம்தான் வரும். ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸ் 5.5-இன் இலவசப் பதிப்போ எம்டி பவர் ட்ரம் கிட்டோ இந்தத் தேர்வுக்குப் போதும். காசு கொடுத்து வாங்கின கிட்டுக்குத் தனி மார்க் கிடையாது.

டைமிங்

ரீப்பரில் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) ஒரு கால் நோட்டுக்கு, அதாவது ஒரு பீட்டுக்கு, 960 டிக். 92 பிபிஎம்மில் 10 மில்லி செகண்ட்னா ஏறக்குறைய 15 டிக். கிக்கை கிரிட்டிலேயே (சாஃப்ட்வேரின் துல்லியமான தாளக் கோட்டிலேயே) விடுங்க. மெதுவான பாட்டில் ஸ்னேரை மொத்தமா 8 முதல் 15 டிக் பின்னால தள்ளுங்க. எல்லா ஸ்னேரையும் ஒரே அளவு தள்ளணும், ஒண்ணொண்ணா இல்லை. ஹாட்டை மட்டும் முன்ன பின்ன 5 டிக் மிதக்க விடலாம். கோரஸில் டெம்போவை 1 அல்லது 2 பிபிஎம் ஏத்துங்க. அதுக்கு மேல ஏத்தினா பாடகர் முழிப்பார்.

ஃப்ளாம் (ரெண்டு அடி ஒட்டி விழுறது) வேணும்னா சின்ன அடி 25 மில்லி செகண்ட் முன்னால, வெலாசிட்டி 45. பெரிய அடி கிரிட்டில், 112.

கைதட்டல் லேயருக்கு வாத்தியார் திருவிழாவில் இருக்கார். சிங்காரி மேளம் வரும்போது பக்கத்தில் நின்னு கவனிங்க: பத்து செண்டை ஒரே அடியில் இறங்கினாலும் ஒரே புள்ளியில் விழாது, அந்தச் சிதறல்தான் அடியைத் தடிமனாக்குது. அதே மாதிரி நாலஞ்சு கைதட்டலை 5 முதல் 20 மில்லி செகண்டுக்குள்ள கலைச்சுப் போட்டா கூட்டம் வந்துடும். கோஸ்ட் நோட் புரியணும்னா சர்ச் திருவிழா பவனியில் வர்ற பேண்டு செட்டின் ஸ்னேர்காரர் கையைப் பாருங்க. பெரிய அடிக்கு நடுவுல குச்சி தோல்மேல துள்ளிக்கிட்டே இருக்கும்.

6/8 பாட்டு வந்தா

நம்ம ஊர் கீர்த்தனை மெட்டு பாதி 6/8, அதாவது பாருக்கு ஆறு எட்டாம் நோட். கிக் ஒண்ணில், ஸ்னேர் நாலில். ஹாட் 100, 62, 72, 94, 60, 76. மூணும் ஆறும் அடுத்த பலமான அடிக்கு ஏறுற படி, அதனால் ரெண்டையும் அஞ்சையும் விட ஒரு நூல் கூட. ரெண்டுக்கும் அஞ்சுக்கும் அழுத்தம் கொடுத்தா பாட்டு நொண்டும்.

ஒரே ஒரு நிஜ வாத்தியம்

மொத்த கிட்டும் சாம்பிளா இருந்தாலும் மேல ஒரு நிஜ ஷேக்கர் ஓடினா காது ஏமாந்துடும். ஒரே தேங்காயின் ரெண்டு சிரட்டையை எடுத்து நார் போக மணல் தாளால் தேய்ங்க. கண் ஓட்டையை அடைச்சு, உள்ளே கால்வாசிக்கும் குறைவா அரிசி போட்டு, விளிம்பை எம்-சீலால் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. அரிசி போட்டா சத்தம் மெல்லிசு, சிறுபயறு போட்டா கொஞ்சம் கனம். பாதிக்கு மேல நிரப்பினா உருள இடமில்லாம தப்புத் தப்புன்னு கேட்கும். மைக்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பாட்டு முழுக்க ஒரே மூச்சில் ஆட்டுங்க. நாலு பார் ஆட்டி காப்பி பேஸ்ட் பண்ணினா, திரும்பவும் லூப்பாத்தான் போகும்.

ரெண்டு பருவமழையையும் வாங்குற மாவட்டம் நம்மது. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீட்டில் மழை பிடிச்சா அன்னைக்கு மைக் வேலை கிடையாது. ஷேக்கரை முதல் நாளே எடுத்து வச்சுட்டு, மிடி வேலையை மழை நாளுக்குத் தள்ளுங்க.

மிக்ஸ், சுருக்கமா

- க்ளோஸ் மைக்கை (ஒவ்வொரு ட்ரம்முக்கும் பக்கத்தில் வச்ச மைக்) எல்லாம் இறக்கிட்டு ஓவர்ஹெட்டை (கிட்டுக்கு மேல வச்ச மைக்) மட்டும் வச்சுக் கேளுங்க. கிட் அதிலேயே பாதி வந்துடணும். குறையுறதை மட்டும் க்ளோஸ் மைக்கில் நிரப்புங்க.
- கிக்கில் 300-400 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் வெட்டினா அட்டைப்பெட்டிச் சத்தம் போகும். ஸ்னேருக்கு உடம்பு 200 ஹெர்ட்ஸில் இருக்கு, அதைத் தொடாதீங்க.
- பஸ் கம்ப்ரஸர் (எல்லா ட்ரம்மையும் சேர்த்துச் சத்தத்தை அடக்குறது): 4:1, அட்டாக் 30, ரிலீஸ் 100 மில்லி செகண்ட். குறைக்கிற அளவைக் காட்டுற முள் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது.
- ட்ரம்மர் பார்வைன்னா ஹாட் இடது பக்கம், ஃப்ளோர் டாம் வலது பக்கம். ஓவர்ஹெட் ஒரு பார்வை, டாம் பேன் (இடது வலது வைப்பு) வேற பார்வைன்னு இருந்தா மார்க் போகும்.
- ஷேக்கரையும் கிட்டார் கொஞ்சத்தையும் ட்ரம்முக்குப் போட்ட அதே ரூம் ரிவர்புக்கு (அறை எதிரொலிக்கு) அனுப்புங்க. தனித்தனி ரிவர்ப்னா தனித்தனி வீடு.

சமர்ப்பிக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி புதுசா எதையும் மாத்தாதீங்க. மோனோவில் ஒருதரம், போன் ஸ்பீக்கரில் ஒருதரம் கேட்டா போதும். ரெண்டிலும் கிக் காணாமப் போகலைன்னா அனுப்பலாம். பீக் (உச்சச் சத்தம்) -6 டெசிபலில் இருக்கட்டும், ஸ்டெம் (தனித்தனியா எடுக்கிற ட்ராக் ஃபைல்) எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கட்டும். ரெண்டர் எல்லையை (ஃபைலா எடுக்கிற நீளத்தை) பாட்டு முடியுற பாரோடு நிறுத்தாதீங்க, கடைசி க்ராஷ் முழுசா ஓய்றதுக்கு இன்னும் ஆறேழு செகண்ட் விடுங்க.