அதே கம்பியில சுட்டது

மார்ச் 3
காலையில இவருக்கு ரெண்டு கண்ணும் வீங்கிப் போச்சு. இமையைத் தூக்க முடியல.

மார்ச் 4
காய்ச்சல் 102. கெண்டைக்கால்ல கை பட்டாலே கத்துறார். வயித்தால போறது நின்னுடுச்சேன்னு நிம்மதியா இருந்தோம், இப்ப இது. என்ன கறி சாப்பிட்டீங்கன்னுதான் டாக்டர் முதல்ல கேட்டார். அன்னைக்கு எல்லாரும் சேந்து சுட்டுச் சாப்பிட்ட காட்டுப்பன்றின்னதுமே ரத்தம் எடுக்கச் சொல்லிட்டார்.

மார்ச் 5
ரத்தத்துல ஈசினோஃபில்ங்கிற ஒருவகை வெள்ளை அணு எகிறியிருக்கு. டிரைக்கினெல்லாங்கிற புழுவாம். கறியில இருக்குற கூடு வயித்து அமிலத்துல கரைஞ்சு புழு வெளிய வந்து குடல்ல வளந்து குட்டி போடுது, அந்தக் குட்டிங்க ரத்தத்தோட போயி சதைக்குள்ள சுருண்டு படுத்துக்குது, வருஷக்கணக்கா உயிரோடவே இருக்குமாம். 1835லயே லண்டன்ல ஜேம்ஸ் பேஜட்னு ஒரு மருத்துவ மாணவர் பிணத்தோட சதையில இதைப் பாத்திருக்கார். இவர் தூங்குறார், நான் இவர் தோளையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

மார்ச் 6
ராத்திரி பூரா வலி.

மார்ச் 8
அல்பெண்டசோல்ங்கிற புழு மாத்திரை 400 மி.கி. ரெண்டு வேளை, கூட ஸ்டீராய்டு. குடல்ல இருக்குற புழுவை மாத்திரை கொல்லும், சதைக்குள்ள போனதை அவ்வளவா தொடாது. ஃப்ரீஸர்ல வச்ச கறிதான், பயமில்லன்னு அன்னைக்குச் சுட்டவங்க அடிச்சுச் சொன்னாங்க. வளர்ப்புப் பன்றிக்கு அது சரி, காட்டு மிருகத்துல வர்ற சில வகை உறைஞ்சாலும் சாகாது, உப்பு போட்டாலும் புகை போட்டாலும் நம்ப முடியாது, உள்ள 71 டிகிரி சூடு ஏறணும். அந்தக் கறியே கருஞ்சிவப்பு, வெந்துச்சா இல்லையான்னு கண்ணால எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மார்ச் 9
நான் கறி தொடல. குடைமிளகாயும் வெங்காயமும்தான். ஆனா அதே கம்பியில சுட்டது.

மார்ச் 10
2022ல அமெரிக்காவுல ஒரு குடும்பம் சேந்து கரடிக்கறி சுட்டுச் சாப்பிட்டு 6 பேருக்கு வந்திருக்கு, அதுல 2 பேர் கூடவே வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவங்க. படிச்சதுலேருந்து எனக்கும் தொடை வலிக்குது. இவர்கிட்ட சொல்லல.

மார்ச் 12
வீக்கம் வடியுது!! ஈசிஜியும் நல்லா இருக்கு, இதயத் தசை வரைக்கும் போயிடுமோன்னு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். சாயங்காலம் தானா எழுந்து நடந்தார்.

மார்ச் 13
எனக்கு ரத்தத்துல இந்தப் புழுவுக்கு எதிரா உண்டாகுற ஆன்டிபாடி நெகட்டிவ். அது உருவாகவே சில வாரம் ஆகும், திரும்ப எடுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. அதே இடுக்கியாலதான் புரட்டினாங்க, நல்லா ஞாபகம் இருக்கு.

மார்ச் 15
அன்னைக்கு வந்தவங்க எல்லாருக்கும் போன் போட்டேன். ஒருத்தங்க மட்டும் எடுக்கவே இல்ல, அவங்க பையனும் சாப்பிட்டான். எட்டு மணிக்கு மேல திரும்பப் போடணும், எடுக்கலன்னா நேர்லயே போயிடுறேன்.