பெயின்டிங் காசு

போன மாதம் வீடு காலி செய்தோம். சாவியை வாங்கிக்கொண்டே ஓனர், "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுடுவேன்மா, எல்லா இடத்துலயும் இதுதான் வழக்கம்" என்றார். சுவரில் பாப்பாவின் உயரத்தைக் குறித்த நாலு பென்சில் கோடுகள், அவ்வளவுதான்.

வழக்கம் சரி, சட்டத்தில் என்ன இருக்கிறது? 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது; குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரி சின்ன வேலைகள் நம்முடையவை. அட்வான்ஸும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஆனால் நான் கையெழுத்துப் போட்ட பதினொரு மாத ஒப்பந்தத்தில் 'பெயின்டிங் செலவு கழிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. படிக்கவே இல்லை, இன்னும் மனசு ஆறவில்லை.

தங்கை இப்போது வீடு பார்க்கிறாள். ஒப்பந்தத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.