ஓய்வுக்குப் பிறகும் பிபிஎஃப்: நீட்டிப்புப் படிவம் கொடுத்த கதை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் வாரத்தில் மூன்று நாள் இலைக் கணக்குப் பார்க்கிறேன், பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை. பென்ஷனில் வீட்டுச் செலவு ஓடிவிடுகிறது, அதனால் பாக்டரி சம்பளத்தைத் தொடாமல் சேர்த்துவைக்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் தருகிறார்கள், 30 லட்சம் வரை போடலாம். ஆனால் அது மொத்தமாகக் கையில் வந்த பணத்துக்குத்தான் தோது, வட்டிக்கு வரியும் உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதுக்கு மேலும் சேரலாம், ஆனால் தொகை பெரிதானால் வெளியே வரும்போது ஒரு பங்கை ஆன்யுட்டியில், அதாவது தவணையாகப் பென்ஷன் தரும் திட்டத்தில், போட வேண்டும். எனக்குத்தான் பென்ஷன் வருகிறதே என்று அதை விட்டுவிட்டேன். மிஞ்சியது என் பழைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு. அதற்கு வயது வரம்பு கிடையாது, சம்பளமா பென்ஷனா என்று யாரும் கேட்பதில்லை, வருடத்துக்கு 500 ரூபாயிலிருந்து 1.5 லட்சம் வரை போடலாம்.

2009 ஜூலையில் தொடங்கிய கணக்கு அது. தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 வருடம் எண்ணுவார்கள், அதன்படி 2025 மார்ச்சோடு முதிர்ந்துவிட்டது. நீட்டிக்கப் போனால் கவுன்டரில் இருந்தவர், "கணக்கு ஓடிக்கிட்டுதானே இருக்கு, வழக்கம்போல போடுங்க மேடம், படிவமெல்லாம் எதுக்கு?" என்றார். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். முதிர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் 4 கொடுத்து, பணம் போட்டுத் தொடர்கிறேன் என்று எழுதித் தராவிட்டால் பழைய இருப்புக்கு வட்டி வரும், புதிதாகப் போடும் பணத்துக்கு வராது. அந்த வருடம் கடந்துபோனால் பிறகு திரும்பக் கேட்கவும் முடியாது. வயதானவர்கள் உழைத்துச் சம்பாதித்த காசு வட்டியில்லாமல் கிடக்கும் என்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. மேலாளரிடம் போய் விதியைச் சொன்னேன், அவர் பார்த்துவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டார். சரி என்று கிளம்பிவிடவில்லை, நகலில் முத்திரை வாங்கி, பாஸ்புக்கில் புது முதிர்வு 2030 என்று பதிவானதையும் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

நீட்டிப்பு ஐந்து வருடத்துக்கு. இடையில் அவசரம் வந்தால் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், ஆனால் நீட்டிப்பு தொடங்கியபோது இருந்த தொகையில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த ஐந்து வருடத்தில் எடுக்க முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது, கொஞ்சம் குறைவுதான், ஆனால் அதற்கு வரி இல்லை. போடும் பணத்துக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அப்புறம், பணத்தை மாதம் 5ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு போட்டால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடையாது. பாக்டரியில் சம்பளம் கடைசி வாரத்திலேயே வந்துவிடுவதால் 1ஆம் தேதியே தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.