தங்கச்சிக்கு ஏழாம் மாசம், கொரோனா

மே 14, 2021

தங்கச்சிக்கு பாசிட்டிவ். 29 வாரம். லேசான காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான் இப்போதைக்கு. மாப்பிள்ளை லாக்டவுன்ல சென்னையில மாட்டிக்கிட்டாரு, நான்தான் மாஸ்க்கோட கூட இருக்கேன். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் குடுங்க, புரூஃபன் மாதிரி வலி மாத்திரை பக்கமே போகாதீங்கன்னு டாக்டரம்மா போன்ல கண்டிச்சு சொல்லிட்டாங்க.

மே 18

பேசிக்கிட்டே இருக்கவ பாதியில நிறுத்தி மூச்ச இழுக்குறா. அவ மாமியார் போன்ல, ஏழாம் மாசம்னா மூச்சு வாங்கத்தான் செய்யும்னாங்க. வாங்கும்தான், கர்ப்பப்பை மேல ஏறி உதரவிதானத்தை தள்ளுது, நுரையீரல் விரிய இடமில்ல, உடம்புக்கு ஆக்ஸிஜன் வேற 20 சதவீதம் கிட்ட கூடுதலா வேணும், இதெல்லாம் சேர்ந்துதான் நிமோனியா வந்தாலும் மாசத்து இளைப்புன்னு நெனச்சு விட்டுடுறாங்க. விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் பாக்குற ஆக்ஸிமீட்டர், உக்காந்திருக்கும்போது 96 காட்டுச்சு. ரூமுக்குள்ளயே கொஞ்சம் நடக்கவிட்டு பாத்தா 92. உடனே 108. மாசமா இருக்கவளுக்கு 95க்கு கீழ விடவே கூடாது, குழந்தைக்கு ஆக்ஸிஜன் அம்மா ரத்தத்துல இருந்துதான் போகணும்னாங்க டாக்டரம்மா.

மே 20

மதுரை பெரியாஸ்பத்திரி. உள்ள விடல, போன்தான். வார்டுல எல்லாரும் ஆக்ஸிஜன் ஏறுறதுக்காக குப்புற படுத்திருக்காங்களாம், இவளால முடியாது, இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சிருக்காங்க, அப்பதான் பெரிய ரத்தக்குழாய் நசுங்காம குழந்தைக்கு ரத்தம் ஒழுங்கா போகுமாம். ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி போடுறாங்க, கர்ப்பத்துலயே ரத்தம் உறையுறது ஜாஸ்தி, கொரோனா அத இன்னும் கூட்டும். ஸ்டீராய்டு ஊசியும் உண்டு, அவ நுரையீரல் வீக்கத்துக்கும் ஆச்சு, ஒருவேளை முன்னாடியே பிரசவம் ஆனா குழந்தையோட நுரையீரலுக்கும் ஆச்சு. குறைமாசத்துல பொறந்துடுமோங்கிற பயம்தான் எனக்கு ராத்திரி பூரா.

பால் குடுக்கிற அம்மாக்கள் தடுப்பூசி போடலாம்னு நேத்து மத்திய அரசு சொல்லிடுச்சு. வயித்துல புள்ளையோட இருக்கவங்களுக்கு மட்டும் இன்னும் இல்ல. வயிறெரியுது. ஐசியூ வரைக்கும் போகக்கூடிய ஆளுங்களே இவங்கதானே.

மே 27

தங்கச்சிக்கு வச்சிருந்த ஆக்ஸிஜன கழட்டியாச்சு!! குழந்தை துடிப்பு நல்லாருக்கு. பக்கத்து வார்டுல பாசிட்டிவ் அம்மாக்கள் மாஸ்க் போட்டு கைய கழுவிட்டு பால் குடுக்குறாங்களாம், புள்ளைய பிரிக்கிறதில்ல. வயித்துக்குள்ள இருக்கும்போதே தொத்துறதும் ரொம்ப அபூர்வம்னு நர்ஸக்கா சொன்னதா சொல்லி அழுதா.

ஜூலை 3

நேத்துதான் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசிக்கு அனுமதி குடுத்தாங்க. எதிர்வீட்டு மதினிக்கு ஆறாம் மாசம், புள்ளைக்கு ஆகாதுன்னு வீட்ல தடுக்குறாங்க. நேரா போய் உக்காந்து தங்கச்சி கதைய முழுசா சொன்னேன், 92ல நின்ன அந்த நம்பர் உட்பட. அவங்க மாமனாரு ஒண்ணும் பேசல. மதினி ஆதார் கார்ட எடுத்து வச்சிட்டாங்க.

ஜூலை 21

பொம்பளப்புள்ள, 2.6 கிலோ, மாசம் நிறைஞ்சு சுகப்பிரசவம். பால் நல்லா குடிக்குது. தங்கச்சிக்கு குணமாகி மூணு மாசம் கழிச்சுதான் ஊசி போடணுமாம், ஆகஸ்ட் கடைசில கூட்டிட்டுப் போகணும்.